நெல்லைக் குளங்களில் சைக்கிளும் கேமராவும்: பறவை பார்க்க வருகிறவர்களுக்கு

திருநெல்வேலிச் சீமையில் குளம் என்றால் பாசனக் குளம். மேற்கே மலை, கிழக்கே கடல். நிலம் மேற்கிலிருந்து கிழக்காகச் சரிவதால் பெரும்பாலான குளங்களுக்குக் கரை கிழக்கிலோ தென்கிழக்கிலோ இருக்கும். தண்ணீர் தேங்கும் உட்பரப்பான உள்வாய் மேற்கே விரிந்து கிடக்கும். பறவைப் படம் எடுக்க வருகிறவர்கள் முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டியது இதைத்தான். காலையில் கரைமேல் நின்றால் சூரியன் முதுகுப் பக்கம், தண்ணீர் முன்னால், பறவையின் மேல் நேர் வெளிச்சம்.

காற்றும் இதற்கு ஒத்து வரும். கூழைக்கடா, நாரை, வாத்து போன்ற கனத்த பறவைகள் காற்றை எதிர்த்துத்தான் எழும்பும், எதிர்த்துத்தான் இறங்கும். மார்கழி, தை மாதங்களில் காற்று வடகிழக்கிலிருந்து வருகிறது. வெயில் ஏறிக் காற்று எழுந்ததும், இறங்கும் பறவைகள் கிழக்குக் கரையை, அதாவது உங்களைப் பார்த்தபடி இறங்கும். முகத்தில் வெளிச்சம், விரித்த சிறகு, நீட்டிய கால் எல்லாம் ஒரே படத்தில் கிடைக்கும். ஆனி, ஆடியில் மேல்காற்று அடிக்கும்போது அதே கரையில் நின்றால் வால்தான் கிடைக்கும்.

கரைப்பாதைக்குச் சைக்கிளைவிடப் பொருத்தமான வண்டி இல்லை. பெரிய குளங்களின் கரை இரண்டு, மூன்று கிலோமீட்டர் நீளும். கேமராவைத் தூக்கிக்கொண்டு நடந்தால் வெளிச்சம் நல்லதாக இருக்கும் நேரம் நடையிலேயே போய்விடும். கார் பல கரைகளில் ஏறாது. மோட்டார் சைக்கிள் சத்தத்தில் வாத்துக் கூட்டம் நடுக்குளத்துக்கு ஒதுங்கிவிடும். வயலுக்குப் போகிறவர்கள் சைக்கிளில் போவதைப் பறவைகள் தினமும் பார்த்துப் பழகியவை.

எப்போது வரலாம்

வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் குளங்களை நிரப்புகிறது. டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி முடிய நல்ல காலம். பொங்கல் விடுமுறை அதன் நடுவில் வருகிறது. வரித்தலை வாத்து, ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, தட்டைவாயன் எல்லாம் வலசை வந்திருக்கும். மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டத் தொடங்கியிருக்கும். குஞ்சுகளைப் பார்க்க வேண்டுமானால் மார்ச், ஏப்ரல் சரி. ஆனால் வெயில் கடுமையாக இருக்கும், வலசை வாத்துகளும் பெரும்பாலும் கிளம்பியிருக்கும்.

குளம் விளிம்புவரை நிறைந்திருந்தால் பறவையும் நிறைந்திருக்கும் என்று நினைக்க வேண்டாம். உள்ளான், நெடுங்கால் உள்ளான், கரண்டிவாயன், பூநாரை ஆகியவற்றுக்குக் கணுக்கால் அளவுத் தண்ணீரும் சேறும் வேண்டும். பெருமழை பெய்த வருடத்தில் அவை பெரிய குளத்தை விட்டுப் பக்கத்துச் சிறு குளங்களிலும், நாற்று நட்ட பிசானப் பருவ நெல் வயல்களிலும் இருக்கும். தண்ணீர் வற்ற வற்ற, மாசிவாக்கில் பெரிய குளத்து உள்வாய்க்குத் திரும்பும். மழை பொய்த்த வருடமானால் நேர் எதிர்: சின்னக் குளங்களெல்லாம் காய்ந்து, விஜயநாராயணம் போன்ற பெரிய குளங்களில் மிஞ்சிய தண்ணீரில் எல்லாம் கூடும். கிளம்புவதற்கு முன் ஊரில் யாரிடமாவது தண்ணீர் எவ்வளவு கிடக்கிறது என்று கேட்டுக்கொள்வது, எந்தச் செயலியையும்விட நம்பகமான வழி.

சைக்கிள்

கியர் சைக்கிள் கட்டாயமில்லை. இந்தப் பக்கம் சமதரை. மலையடிவாரம் வரை பெரிய ஏற்றம் கிடையாது. பழைய கம்பி பிரேக் சைக்கிளுக்கு ஒரு பெரிய வசதி, டபுள் ஸ்டாண்டு. பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தினால் வண்டி ஆடாது. சீட்டின் மேல் கேமராவை வைத்து எடுக்கலாம். கியர் சைக்கிளின் சைடு ஸ்டாண்டு ஈரக்கரையில் புதைந்து வண்டி சாய்ந்துவிடும். உள்ளங்கை அகலத்தில் ஒரு பலகைத் துண்டு வைத்துக்கொண்டு ஸ்டாண்டுக்கு அடியில் போடுங்கள். அப்போதும் அந்தச் சீட்டில் லென்ஸை ஏற்றி வைத்துவிட்டுக் கையை எடுக்கக் கூடாது.

டயர் அகலம் 35 மி.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும். அந்த அகலத்துக்குத் தார்ச்சாலையில் 55 பிஎஸ்ஐ காற்று போதும். சரளும் மண்ணுமான கரையில் ஏறும்போது 40 அளவுக்கு இறக்கினால் குலுக்கல் நன்றாகக் குறையும். கேமராவுக்கும் முதுகுக்கும் நல்லது. இரண்டு அங்குல டயரானால் 35 போதும்.

பஞ்சர்தான் இங்கே பெரிய தொல்லை. கரையெல்லாம் உடைமரமும் சீமைக் கருவேலமும். வெட்டிப் போட்ட கிளையின் மேல் ஏறினால் ஒரே நேரத்தில் நாலு முள் ஏறும். மாற்று ட்யூப் இரண்டு, பஞ்சர் ஒட்டும் பசை, பேட்ச், உப்புத்தாள், டயர் நெம்புகோல் இரண்டு, கைப்பம்பு ஒன்று, இவை இல்லாமல் கரையேற வேண்டாம். ட்யூப் மாற்றும்போது பலர் செய்யும் தப்பு, முள்ளை எடுக்காமலே புது ட்யூபைப் போடுவது. முள்ளின் வெளிப்பகுதி ஒடிந்து, நுனி மட்டும் டயருக்குள் நிற்கும், கண்ணுக்குத் தெரியாது. ஒரு பழைய துணியை டயரின் உட்பக்கம் சுற்றிலும் தேய்த்து வாருங்கள். துணி எங்கே சிக்குகிறதோ அங்கே முள் இருக்கிறது. விரலால் தடவ வேண்டாம். அந்த முள் குத்தினால் கடுப்பு சீக்கிரம் அடங்காது.

வால்வையும் பார்த்துக்கொள்ளுங்கள். கிராமத்துச் சைக்கிள் கடைப் பம்பு, ரப்பர் போட்ட பழைய வால்வுக்கானது. பெட்ரோல் பங்கில் உள்ள குழாய் மோட்டார் சைக்கிள் வால்வுக்கானது. விலை உயர்ந்த சைக்கிள்களில் வரும் மெல்லிய பிரஸ்டா வால்வுக்கு இரண்டும் சேராது. அதற்குப் பித்தளை அடாப்டர் ஒன்று கிடைக்கும்; ஒன்றை வால்விலும் ஒன்றைப் பையிலும் வைத்திருங்கள்.

சத்தத்தைக் குறைக்க மூன்று வேலை. கீச்சிடும் பிரேக்குக்கு ரிம்மையும் ரப்பரையும் துடையுங்கள். தளர்ந்த மட்கார்டு, செயின் கவர் திருகுகளை முறுக்குங்கள். மிதிக்காமல் உருளும்போது டிக்டிக் என்று கத்தும் ஃப்ரீவீலுக்குக் கொஞ்சம் கெட்டியான எண்ணெய் விடுங்கள். பறவை பக்கத்தில் இருக்கும்போது மிதிப்பதை மெல்லத் தொடர்ந்தாலே அந்தச் சத்தம் வராது.

கேமராவை ஏற்றிச் செல்வது

150–600 மி.மீ. போன்ற லென்ஸும் கேமரா உடலும் சேர்ந்தால் கிட்டத்தட்ட 3 கிலோ. பின்கேரியரில் கட்டிக்கொண்டு போனால் குலுக்கலில் லென்ஸின் உள்திருகுகள் தளரும். முதலில் கெடுவது ஆட்டம் தடுக்கும் பகுதி. சாலை நன்றாக இருக்கும்வரை முதுகில் போட்டுக்கொள்வதே நல்லது. உடம்பு குலுக்கலை வாங்கிக்கொள்ளும். முதுகு வலிக்கிறதென்றால் கேரியரில் ஒரு பிளாஸ்டிக் கூடையைக் கட்டி, அடியில் இரண்டு அங்குலப் பஞ்சுமெத்தைத் துண்டு போட்டு, அதன் மேல் பையை வையுங்கள். கட்டுவதற்குப் பழைய சைக்கிள் ட்யூபை நீளவாக்கில் கிழித்துப் பயன்படுத்தலாம். கயிறு போலத் தளராது.

டிரைபாட் வேண்டாம். லென்ஸைத் தாங்க நீண்ட துணிப்பை ஒன்றை வெறுமனே மடித்துக் கொண்டுவந்து, ஊரில் ஒன்றரைக் கிலோ மலிவு அரிசி வாங்கி நிரப்பிக்கொள்ளுங்கள். சீட்டின் மேல், மடைச்சுவரின் மேல், தரையில் எங்கும் உட்காரும். மணல் கனம் அதிகம், தையல் வழியே கசிந்து கேமராவுக்குள் போகும், அதைத் தவிர்க்கவும்.

கேமராவுக்கு முன்னால் 8x42 பைனாகுலர் ஒன்று வாங்குங்கள். 10 மடங்கு பெருக்கம் மிதித்து வந்த கைக்கு ஆடும். சைக்கிளை நிறுத்தியதும் இரண்டு மூன்று நிமிடம் சும்மா நில்லுங்கள். நெஞ்சுத் துடிப்பு அடங்காமல் எடுத்த முதல் இருபது படமும் மங்கலாகத்தான் வரும். அந்த நேரத்தில் பறவைகளும் உங்களைப் பார்த்து அடங்கிவிடும்.

கரையில்

எங்கே நிற்பது என்பதைக் குளமே சொல்லும். மடைத் தூணின் உச்சியில் மீன்கொத்தி உட்காரும். மடை திறந்திருந்தால் வெளிப்பக்கக் கால்வாயில் மடையானும் சின்னக் கொக்கும் காத்து நிற்கும். மறுகால் (உபரி நீர் வெளியேறும் வழி) பாயும் நாட்களில் ஏறி வரும் மீனுக்காகக் கொக்கு, நாரை, நீர்க்காகம் எல்லாம் அங்கே வரிசைகட்டும். உள்வாயில் ஆம்பல் படர்ந்த இடத்தில் நீள்வால் இலைக்கோழி, சம்பு மண்டிய ஓரத்தில் நீலத் தாழைக்கோழி. நடுத்தண்ணீரில் நாமக்கோழியும் வாத்தும். தண்ணீரை உரசிப் பறக்கும் மீசை ஆலாவை மட்டும் துரத்தாதீர்கள். ஒரே தடத்தில் காற்றை எதிர்த்து வந்து, சுற்றிப் போய், மறுபடி அதே தடத்தில் வரும். தடத்தின் ஓரத்தில் நின்றால் போதும்.

பறவையை நெருங்கும்போது நேரே போகக் கூடாது. கரையோடு கடந்து போகிறவர் போலச் சாய்வாக வந்து, வேகத்தைத் தானாகக் குறைய விட்டு நில்லுங்கள். சட்டென்று பிரேக் போட்டுக் குதித்து இறங்கினால் அத்தனையும் எழும்பும். இறங்கியதும் சைக்கிளுக்குக் கரைப்பக்கம் நில்லுங்கள்; பறவைக்கும் உங்களுக்கும் நடுவில் சைக்கிள் இருக்கட்டும். மனித உருவம் முழுதாகத் தெரியாதவரை பல பறவைகள் பொறுத்துக்கொள்ளும். காக்கி, மங்கிய பச்சை, மண்நிறம் உடுத்துங்கள். இருட்டில் சாலையில் வரும்போது போட்ட பளபளப்பு மேல்சட்டையைக் கரையேறியதும் கழற்றி மடித்து வையுங்கள்.

வாத்துகள் மேய்வதை நிறுத்திக் கழுத்தை நீட்டினால் ஒரு அடிகூட முன்னே வைக்காதீர்கள். அடுத்தது பறத்தல்தான். பறக்க வைத்து எடுத்த படத்தில் பறவையின் பின்பக்கம்தான் இருக்கும், அதன் காலை மேய்ச்சலும் கெட்டது.

வெளிச்சமும் அளவுகளும்

தை மாதத்தில் சூரியன் 6.40ஐ ஒட்டி உதிக்கிறது. 6.45 முதல் 9.30 வரைதான் உங்கள் நேரம். அதற்கு மேல் கரைமண்ணும் தண்ணீரும் சூடேறிக் காற்று நெளியும், கானல். தூரத்துப் பறவை எவ்வளவு நல்ல லென்ஸிலும் குழைந்து தெரியும். பலர் இதை ஃபோகஸ் கோளாறு என்று நினைத்துக் கேமராவைக் கடைக்குக் கொண்டுபோகிறார்கள். பெரிய லென்ஸ் இதற்கு மருந்தாகாது. தூரத்தைக் குறைப்பது ஒன்றே வழி. வெயில் ஏறியபின் 20 மீட்டருக்குள் இருக்கிற பறவையை மட்டும் எடுங்கள்.

உட்கார்ந்த பறவைக்கு ஷட்டர் வேகம் 1/500 நொடி போதும். பறக்கும் நாரை, கூழைக்கடாவுக்கு 1/1250. ஆலா, மீன்கொத்தி, பஞ்சுருட்டானுக்கு 1/2500க்குக் குறையாமல் வேண்டும். 8 மணி வெயிலில் வெள்ளைப் பறவைகளுக்கு மேனுவலில் (அளவுகளை நாமே வைக்கும் முறையில்) எஃப் 6.3, 1/2500, ஐஎஸ்ஓ 640 என்று வைத்துத் தொடங்கி, திரையில் வெண்மை எரிகிறதா என்று பார்த்துக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

மேனுவல் ஏன்? கேமராவின் அளவுமானி எதையும் சராசரிச் சாம்பலாக்கப் பார்க்கும். கரும்பச்சைக் கருவேலத்தின் முன்னால் வெள்ளைக் கொக்கு நின்றால், இருட்டைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். இறகின் கோடுகள் எல்லாம் எரிந்து வெறும் வெள்ளையாகும். அங்கே ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தில் பாதி, குறைக்க வேண்டும். அதே கொக்கு எழும்பி வெளுத்த வானத்துக்கு வந்ததும் கருத்துவிடும். அங்கே ஒரு ஸ்டாப் கூட்ட வேண்டும். பறவையின் மேல் விழும் வெயில் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஒருமுறை சரியாகப் பூட்டிவிட்டால் பின்னணி மாறினாலும் படம் மாறாது. மேகம் வந்து வந்து போகிற நாளில் மட்டும் ஆட்டோ ஐஎஸ்ஓவுக்கு மாறி, உச்ச அளவை 3200இல் நிறுத்துங்கள்.

மாலையில் கரையில் நின்றால் சூரியன் கண்ணில் அடிக்கும். உள்வாய்ப் பக்கம், மேற்கே சுற்றிப் போக வேண்டும். அங்கே பாதை பெரும்பாலும் வயல் வரப்பு. சைக்கிளைச் சாலையோரம் பூட்டிவிட்டு நடங்கள். வயல்காரரிடம் ஒரு வார்த்தை: “அண்ணாச்சி, இந்த வரப்புல கொஞ்சம் போய் பறவை பாத்துக்கிடலாமா?” மறுக்கிறவர்கள் அபூர்வம். கொக்குக் கூட்டம் எந்தப் பக்கம் அடைகிறது என்பதையும் அவரே சொல்லிவிடுவார். காய்ந்தது போலத் தெரியும் உள்வாய்ச் சேற்றில் காலை வைக்காதீர்கள். மேலே ஓடு கட்டியிருக்கும், அடியில் முழங்கால் ஆழம் இருக்கும்.

கூந்தன்குளம்

பாளையங்கோட்டையிலிருந்து மூலைக்கரைப்பட்டி வழியாகச் சுமார் 35 கிலோமீட்டர். நான்கு வழிச்சாலையில் லாரிகளோடு போட்டி போட வேண்டாம். இந்தச் சாலை அமைதியானது. விடிவதற்குள் சேர வேண்டுமானால் 4 மணிக்குக் கிளம்ப வேண்டும். முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு இரண்டும் எரிய வேண்டும். போகும்போது தெற்கே போவதால் வாடைக்காற்று முதுகில் தள்ளும், சுலபமாக இருக்கும். திரும்பும்போது அதே காற்று நெஞ்சில் அடிக்கும்; வெயிலும் சேரும். போக இரண்டு மணி நேரம் ஆனால் திரும்ப இரண்டே முக்கால் என்று கணக்கு வையுங்கள். முந்தின நாள் மாலையே வந்து பக்கத்தில் தங்கிக்கொள்வது இன்னும் மேல்.

1994இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம், சுமார் 129 ஹெக்டேர். 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலங்களில் ஒன்றாகவும் அறிவிக்கப்பட்டது. சட்டம் வருவதற்கு வெகு முன்பிருந்தே ஊர்க்காரர்கள் பறவைகளைக் காத்து வருகிறார்கள். தீபாவளிக்கு வெடி போடாத ஊர். எச்சம் கலந்த குளத்துத் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்கள் அனுபவத்தில் கண்டது. மஞ்சள் மூக்கு நாரை வீட்டு வாசல் மரத்திலேயே கூடு கட்டியிருக்கும். இங்கே 600 மி.மீ. தேவைப்படாது, 70–300 போதும், சில மரங்களுக்கு அதுகூட அதிகம்.

அவ்வளவு பக்கத்தில் இருப்பதால்தான் அதிகக் கவனம் வேண்டும். கூட்டில் இருக்கும் பறவை எழுந்து நின்றாலோ, சிறகைப் பாதி விரித்தாலோ நீங்கள் நெருங்கிவிட்டீர்கள், பின்வாங்குங்கள். தாய் எழுந்த கூட்டில் வெயில் நேரே விழும்; முட்டையும் இறகு முளைக்காத குஞ்சும் அதைத் தாங்காது. காக்கையும் பக்கத்திலேயே காத்திருக்கும். கீழே விழுந்த குஞ்சைத் தூக்கிப் படம் எடுக்காதீர்கள். வனத்துறைக் காவலரிடமோ ஊர்ப் பெரியவரிடமோ சொல்லுங்கள். ட்ரோன் கூடவே கூடாது. மரத்தடியில் சைக்கிளை நிறுத்தினால் சீட்டும் கேமராவும் எச்சத்தில் குளிக்கும். அது காய்ந்தால் லென்ஸ் பூச்சைக் கெடுக்கும், ஈரமாக இருக்கும்போதே தண்ணீர் விட்டு ஒற்றி எடுங்கள்.

இங்கே நல்ல படத்துக்கு வழி ஒரு மரத்தைத் தேர்ந்து அங்கேயே இருப்பது. நாரை இலையோடு கூடிய குச்சியைக் கொத்திக்கொண்டு வரும் தடம் மாறுவதில்லை. மூன்று தடவை பார்த்தால் எந்தக் கிளைச்சந்தில் நுழைகிறது என்று தெரிந்துவிடும். அந்த இடத்துக்கு முன்கூட்டியே ஃபோகஸ் செய்து வையுங்கள். விடியலில் வக்கா திரும்பி வரும், கொக்கும் அரிவாள் மூக்கனும் கிளம்பிப் போகும். இரண்டும் குறுக்கிடும் அந்த அரைமணி நேரத்தைத் தவறவிடாதீர்கள். கூழைக்கடாக்கள் அவசரப்படாது. வெயில் ஏறி, வெதுவெதுப்பான காற்று மேலெழும்பத் தொடங்கியபின் வட்டமிட்டு உயரும். மங்கோலியா, திபெத் பக்கமிருந்து இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகளைப் பகலில் தண்ணீரோரம் ஓய்வாகப் பார்க்கலாம். மாலையில் வயலுக்கு மேயக் கிளம்பும்.

சாலையின் இரு பக்கத்துப் பொட்டலையும் விட்டுவிடாதீர்கள். மின்கம்பியில் பனங்காடை, பச்சைப் பஞ்சுருட்டான், கரிச்சான், பனையைச் சுற்றிப் பனை உழவாரன், வேலியோரம் கவுதாரி.

ஆற்றோரம்

இன்னொரு நாள் இருந்தால் திருப்புடைமருதூர். தாமிரபரணியில் கடனாநதி கலக்கும் இடம். ஆற்றங்கரை மருத மரங்களில் நாரை, கொக்கு, நீர்க்காகம் அடைவதால் 2005இல் பாதுகாப்பு ஒதுக்கிடமாக அறிவிக்கப்பட்டது. 3 ஹெக்டேருக்கும் குறைந்த சிறு இடம். செங்கோட்டை ரயில் பாதையிலுள்ள வீரவநல்லூரிலிருந்து வடக்கே கொஞ்ச தூரம்தான். மரங்கள் உயரம், நிழல் அடர்த்தி. வெளிச்சம் எப்போதும் இரண்டு ஸ்டாப் குறையும். மாலை 4 மணிக்கு மேல் திரும்பும் பறவைகளை ஆற்று வெளியில் எடுப்பது மேல். சேரன்மகாதேவிப் பக்கம் கன்னடியன் கால்வாயின் கரைப்பாதைகள் சைக்கிளுக்கு அருமையானவை. மணிமுத்தாறு வரை போகலாம். அதற்கு மேல் புலிகள் காப்பகம், வனத்துறைச் சோதனைச் சாவடியோடு சைக்கிள் பயணம் முடிகிறது.

பொங்கல் நாட்களில் வருகிறவர்கள் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் சேர்ந்துகொள்ளுங்கள். ஒரே இடத்தில் குறைந்தது 15 நிமிடம் பார்த்து, வகையையும் எண்ணிக்கையையும் இ-பேர்டு என்ற பறவைப் பதிவுத் தளத்தில் பதிய வேண்டும். ஜனவரியில் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் நடக்கிறது, 2011இல் தொடங்கியது. அழகான ஒரே நாரையை நூறு படம் எடுப்பதைவிட, பெயர் தெரியாத ஒரு குளத்தில் எத்தனை நாமக்கோழி இருந்தது என்ற ஒரு பதிவு அந்தக் குளத்துக்கு அதிகம் உதவும். எவ்வளவு பறவை வருகிறதென்று எழுத்தில் இல்லாத குளத்துக்காகப் பேசுவது கடினம்.

தண்ணீர் ஆளுக்கு 3 லிட்டர். வெயிலில் கடலை மிட்டாயும் வாழைப்பழமும் தாங்கும்.

அறைக்குத் திரும்பியதும் முதலில் கார்டை நகலெடுங்கள். லென்ஸை ஊது பந்தால் ஊதிவிட்டுப் பிறகே துடையுங்கள். தேரி மணலும் கரைப்புழுதியும் துணியில் ஒட்டிக்கொண்டு கீறும். செயினை உலர்ந்த துணியால் துடைத்து, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். பிறகு டார்ச் அடித்து இரண்டு டயரையும் மெல்லச் சுற்றிப் பாருங்கள். ரப்பரில் பாதி ஏறிய முள் இன்றைக்குக் காற்றை விடாது, நாளைக்கு இருட்டில் நடுவழியில் விடும். குறடால் பிடுங்கிப் போட்டுவிட்டுப் படுங்கள்.